இடது செருப்பு

ஆண்டுக்கொரு முறை தேர் இழுக்க வரும் பூதம், செருப்பைக் கோட்டை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஊருக்குள் நுழையும். அது தொலைந்து பூதத்துக்குக் கோபம் வந்தால் ஊர் தாங்காது. அதனால் செருப்புக்குக் காவலாக வேங்கையனை நிறுத்தியிருந்தார்கள். தோணி அளவு இருந்தது இடது செருப்பு. அதைவிடச் சுகமான கட்டில் அரண்மனையிலும் கிடையாது. உச்சி வெயிலில் ஈட்டியைச் சாத்திவிட்டு, அந்தச் செருப்புக்குள் வார் நிழலில் சற்றே படுத்தான்.

விழித்தபோது வலது செருப்பைக் காணோம்.

“ஐயோ, என் தலை போச்சே!”

“கத்தாதீங்க. தேரு நிலைக்கு வந்து, பூதமும் ஊருக்குக் கிளம்பிருச்சு,” என்றாள் எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த சிவந்தி.

வேங்கையன் மண்ணைப் பார்த்தான். வலப்பக்கம் செருப்புத் தடம். இடப்பக்கம், வாசலருகே வெறும் கால்விரல்கள் மட்டும் பதிந்திருந்தன. புளியமரத்தைத் தாண்டிய பிறகுதான் குதிகால் தரையில் பட்டிருந்தது.