ஏணியில் குறையில்லை

பிளாஸ்மா படாத ஏணியைத்தான் அவள் இன்றைக்கு முற்றத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். முதலாளி ஏறுவதற்கென்று நேற்று செய்த ஏணி, கழிவறைக்குப் பின்னால் சாக்குகளுக்கு அடியில் படுத்திருந்தது. இரண்டும் ஒரே மஞ்சள், இரண்டுக்கும் பன்னிரண்டு படி. செய்தவனுக்கே அடையாளம் தெரியாது.

வித்தியாசம் உள்ளே இருந்தது. கண்ணாடி இழை வழவழப்பானது, பிசினோடு லேசில் ஒட்டாது. பிளாஸ்மா மெஷினின் ஊதா வெளிச்சத்துக்குள் விட்டு எடுத்தால், இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு படியும். அதற்கப்புறம் பிசின் இழையை விடவே விடாது. பூச்சு இல்லாவிட்டால், பாரம் ஏற ஏற இழை ஒரு பக்கம், பிசின் ஒரு பக்கம் என்று பிரிய ஆரம்பித்துவிடும்.

அந்த மெஷினை ஓட்டுவதும், ஓட்டாத நாளில் துடைத்து வைத்துவிட்டு லேபிள் ஒட்டப் போவதும்தான் அவள் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் மெஷினுக்குப் புதுமாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். விருந்தாளி வந்தால்தான் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வருவாராம். எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரித்து வைப்பாள்.

சிரிக்கிற நிலையிலா இருந்தாள்? அவள் கணவன் மின்கம்பங்களில் ஏறி வேலை பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தொழிற்சாலையின் மஞ்சள் ஏணி அவன் காலுக்குக் கீழே பிளந்தது. இடுப்பொடிந்து படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

விசாரணைக்கு வந்த முதலாளி, பிளந்த ஏணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஏணியில குறையில்ல, ஏறினவன் கால்லதான் குறை" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். விசாரித்தவர்களும் கவனக்குறைவு என்றே எழுதிக்கொண்டார்கள். இடுப்பு வலியைப் பொறுத்துக்கொண்ட அவனால் அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தான் யாருடைய மனைவி என்று மூச்சுவிடாமல் அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இன்று ஒரு மின்சாரக் கம்பெனியிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். ஐயாயிரம் ஏணிகள் வாங்கப்போகிறவர்கள். முதலாளி அவர்களுக்கு மெஷினைக் காட்டினார், ஊதா வெளிச்சத்தைக் காட்டினார். எங்கள் ஏணியில் இழையும் பிசினும் நகமும் சதையும் மாதிரி என்று அளந்துகொண்டே முற்றத்துக்குக் கூட்டி வந்தார். பிறகு வழக்கம்போல் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். நூறு கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு அவரே ஏறிக் காட்டினால்தான் வியாபாரம் படியும் என்பது அவர் நம்பிக்கை.

அவள் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியின் அடியைப் பிடித்தாள். ஒவ்வொரு படியாக எண்ணினாள். மூன்றில் அவர் ஒரு ஜோக் அடித்தார், ஆறு பேரும் சிரித்தார்கள். ஐந்தில் ஒரு கையை விட்டுக் காட்டினார். ஏழில், அவள் உள்ளங்கைக்குள் ஏணி மெல்ல முனகியது.

இரக்கம் வந்துவிடுமோ என்று நேற்றுவரை அவளுக்குப் பயம் இருந்தது. வரவில்லை.

பத்தாவது படியில் முனகல் அவர் காதிலும் விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது. குனிந்து பார்த்தார். பக்கச் சட்டத்தில் மஞ்சளுக்கு அடியில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்து, தான் யாருடைய மனைவி என்று சொன்னாள். கத்தவில்லை. ஆனால் முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

இவள் ஏணியை ஏதோ செய்துவிட்டாள், என்னைக் கொல்லப் பார்க்கிறாள், போலீசைக் கூப்பிடுங்கள் என்று முதலாளி மேலிருந்து அலறினார். இரண்டு பேர் ஓடிவந்து ஏணியைத் தாங்கிப் பிடித்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த ஆறு பேரில் மூத்த அதிகாரி அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"உண்மையச் சொல்லும்மா. இந்த ஏணிய என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கடைகளுக்குப் போற லாரியில இருந்து ஒண்ண இறக்கி வச்சேன்."