வயித்துக்கிட்ட பேசப் போன விட்டில்

டியூப்லைட்டச் சுத்துற விட்டில்பூச்சி ஒண்ணு பேச்சுப் போட்டிக்குப் படிச்சுக்கிட்டிருந்துச்சு. யாரு மனசையும் பேசியே மாத்திரலாம்னு அதுக்கு ஒரு நெனப்பு.

ஒரு நாள் பசியோட ஒரு பல்லி எதுத்தாப்புல வந்து நின்னுச்சு. பறந்து தப்பிச்சிருக்கலாம். நம்மாளு தொண்டையக் கனைச்சுச்சு.

"அண்ணே, பூச்சியத் தின்னுறது பாவம்ணே."

"த்ச், த்ச்"னு கத்துச்சு பல்லி.

பேசும்போது பல்லி கத்துனா அந்தப் பேச்சு நெசம்னு ஊரே சொல்லும். விட்டிலுக்குப் பெருமை தாங்கல.

"எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குண்ணே."

"த்ச், த்ச்."

கத்தக் கத்த பல்லி கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சு. பேச்சுல சொக்கிப்போயி வருதுன்னு நெனச்சுருச்சு விட்டில்.

"அப்ப மனசு மாறிட்டீங்களாண்ணே?"

"சுத்தமா மாறிட்டேன் தம்பி. அழுகையே வந்துருச்சு. ஆனா உள்ள வயிறுன்னு ஒருத்தன் இருக்கான் பாரு, அவன் செவிடன். வெளிய நின்னு பேசுனா அவனுக்குக் கேக்காது."

"அவ்வளவுதான? நான் நேர்ல போயி பேசுறேன். வாயத் தொறங்க."

பல்லி பவ்யமா வாயத் தொறந்துச்சு. விட்டில் ரெக்கைய மடிச்சுக்கிட்டு உள்ள போச்சு.

உள்ள கொஞ்ச நேரம் ஒரே வாக்குவாதம். அப்புறம் சத்தம் கொறஞ்சு கொறஞ்சு, வீடே கப்சிப்னு ஆயிருச்சு. கடைசியா, ரொம்ப ஆழத்துலருந்து விட்டிலோட குரல் மெதுவா வந்துச்சு.

"அண்ணே, கேட்டுப் பாத்தா வயிறு சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு."