ஆளுக்கொரு பங்கு

தேசத்தின் கடனைப் பட்டதாரிகளின் தலையில் கட்டி, ஆளுக்கொரு பங்கு என்று சட்டம் போட்டிருந்தார்கள். வம்சத்திலேயே முதல் பட்டதாரியான அஞ்சுகத்துக்கு, வருடக்கணக்காக ஏறாத சம்பளத்தில் பாதி அதற்கே போனது.

“கடன் வாங்கின அமைச்சருக்கு எவ்வளவு பங்கு சார்?” என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டாள்.

“அவரு பத்தாங்கிளாஸ் ஃபெயிலும்மா. பங்கே கிடையாது.”

“வாங்கித் தின்னது அவரு, கட்டுறது நாங்களா?”

“படிச்ச பொண்ணு, சட்டம் புரியாதா?” குமாஸ்தா சிரித்தார்.

கொதிப்போடு வீடு திரும்பியபோது, தங்கை கல்லூரியின் கடைசித் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கன்னத்தைத் தடவிச் சொன்னாள்: “ஒரே ஒரு பேப்பர்ல ஃபெயிலாயிடு கண்ணு. இன்னொரு பங்கு தாங்காது.”

படி படி என்று தங்கையை அடித்து வளர்த்தவள் அஞ்சுகம். அந்த அமைச்சர் மட்டும் எதிரே நின்றிருந்தால் பல்லை உடைத்திருப்பாள்.