ஒரு வகுப்பும் தவறாத மகாராணி

ஆன்லைன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவியிலிருந்து யோகராஜ் ஓய்வுபெற்று ஒரு மாதமாகியும், அவரிடம் ஒரு மாணவர்கூடப் பேசவில்லை. பதவியில் இருந்தபோதும் தினமும் காலையில் தானே திரையில் தோன்றிப் பொருளாதாரம் நடத்தியவர் அவர். மனசு விட்டுப்போயிருந்தது.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

"அய்யா, நான் ராசிங்காபுரம் மகாராணி. ஒங்க கிளாசு இல்லாம எங்க பொழப்பே போச்சுங்கய்யா. வெரசா திரும்பி வந்துருங்க!"

மகாராணி! மூன்று வருடத்தில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாத ஒரே மாணவி. மறுநாளே யோகராஜ் ஒரு சால்வையை வாங்கிக்கொண்டு போடிக்கு வந்து, மலைமேல் போடிமெட்டில் இருந்த அவளுடைய ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிட்டார்.

தோட்டத்து வாசலில் காத்திருந்தவள் அவரைக் கண்டதும் கண் கலங்கினாள்.

"அழாதேம்மா. எங்கே உட்கார்ந்து படிப்பே? அந்த இடத்தை நான் பார்க்கணும்."

கூட்டிப்போய்க் காட்டினாள். ஏலச் செடிகளுக்கு நடுவே ஒரு பலாமரம். அதன் கிளையில் ஒரு செல்போன், கூடவே திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய கூம்புக் குழாய் ஸ்பீக்கர்.

"ஒங்க பேச்சக் கேட்டா ஒரு கொரங்கு தோட்டத்துல கால் வைக்காதுய்யா. இப்பப் பாருங்க, குருத்தெல்லாம் போச்சு."

யோகராஜ் சால்வையை மெல்லப் பைக்குள் திணித்தார்.

"ஏன், புதுத் துணைவேந்தரும் தினம் பாடம் எடுக்கிறாரே?"

"அவரு பேசுனா அம்புட்டுக் கொரங்கும் குட்டியோட வந்து உக்காந்து கேக்குதுய்யா!"