ஆட்டம் முடியட்டும்

பேன்ட் பாக்கெட்டில் கை பட்டதும் லிஃப்ட் மெக்கானிக் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

செல்போன்!

செஸ் போட்டி நடக்கும் ஹாலின் வாசலிலேயே ஒப்படைத்திருக்க வேண்டியது. அவசரத்தில் மறந்துவிட்டார். ஆட்டக்காரரிடம் போன் இருந்தால் ஆட்டம் அவுட். போன வருஷம் ஒருத்தருக்கு மூன்று வருஷத் தடையே விழுந்தது. மறந்துட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

கடைசிச் சுற்று. இவருக்குக் கறுப்புக் காய்கள். வழக்கம்போல பிரெஞ்சு டிஃபன்ஸ்தான் ஆடினார். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும் ஆட்டம். இருபது வருஷமாக அவரைக் காப்பாற்றிய ஆட்டம். இன்று மூச்சு முட்டியது.

எதிரே இருந்த பெண் பலகையைப் பார்க்கவே இல்லை. இவரையே பார்த்தாள். நெற்றி வேர்வையைத் துடைத்தார், பார்த்தாள். மரத்துப்போன இடது கையை உதறினார், அதையும் பார்த்தாள்.

கண்டுபிடிச்சுட்டா!

நினைத்து முடிப்பதற்குள் அவள் எழுந்து நடுவரிடம் போனாள். இவரைக் கண்ணால் காட்டி ஏதோ கிசுகிசுத்தாள். நடுவரின் முகம் மாறியது. விறுவிறுவென்று வெளியே போய்விட்டு, நேராக இவரிடம் வந்தார்.

"சார், ஆட்டத்தை இத்தோட விட்டுடுங்க."

"எதுக்கு?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல பலகையை விட்டு நகருங்க."

சோதனை போடத்தான்! இத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறிவிடும். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டம் முடியட்டும் சார். அதுவரைக்கும் நான் அசைய மாட்டேன்."

நடுவர் கையைப் பிசைந்தார். அந்தப் பெண் முதல்முறையாகப் பலகையைப் பார்த்தாள். இன்னும் மூன்றே நகர்த்தலில் அவளுக்கு வெற்றி. ஜெயித்தால் கோப்பையும் அவளுக்குத்தான்.

சட்டென்று தன் ராஜாவைப் படுக்க வைத்தாள்.

"நான் தோத்துட்டேன்."

இவருக்குத் தலை சுற்றியது. "ஏம்மா... நீங்கதானே ஜெயிக்கறீங்க?"

அவள் மேஜையைச் சுற்றி ஓடிவந்து இவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"ஆட்டம்தான் முடிஞ்சுதே அண்ணா, இனிமே நான் சொல்றதைக் கேளுங்க. நான் இதய வார்டு நர்ஸ். நீங்க பதறக்கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்லலை. ஸ்ட்ரெச்சர் வந்துட்டே இருக்கு. இடது கை வலி எப்ப ஆரம்பிச்சுது?"