பத்துக்கு மூன்று

"மூணு மார்க்கு வாங்கினவ பக்கத்துல குந்தினா, நமக்கும் மூணுதான் வருமா டீச்சர்?"

திண்டிவனத்துப் பள்ளியில், நாலாம் வகுப்பில், ஒரு சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. மூன்று மதிப்பெண் வாங்கிக் கடைசி வரிசையில் தனியே உட்கார்ந்திருந்த செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தச் செண்பகம் இப்போது விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இன்று மதியம் அந்தக் கேள்வி மறுபடியும் அவள் காதில் விழுந்தது போலிருந்தது.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குடலில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். அவள் கணவன் திருமுருகன் வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தான்.

கூடவே வந்த மயக்க மருந்து டாக்டர், ஸ்கோர் பத்துக்கு மூன்று என்றார்.

எவ்வளவு ரத்தம் போனது, பிரஷர் எதுவரை இறங்கியது, நாடி எப்படி ஓடியது. மூன்றையும் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. குறைவாக இருந்தால் இனிமேல்தான் ஆபத்து வரக்கூடும், கண்ணை எடுக்கக் கூடாது.

திருமுருகன் கையிலிருந்த லட்டு உதிர்ந்தது.

"இன்னா சிஸ்டர், நல்லா முடிஞ்சிடுச்சின்னாங்களே! பத்துக்கு மூணுன்னா ஃபெயிலாச்சே! ரெண்டு மார்க்கு சேத்துப் போடச் சொல்லுங்க சிஸ்டர். அவ ஒரு பரீட்சையிலகூட ஃபெயிலானதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவன் கைகூப்பி நின்றான்.

"கூட்டிப் போட்டா நாங்க அசந்துடுவோம்ண்ணே. மூணே இருக்கட்டும். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள் செண்பகம்.

அவன் டீக்கடைக்குப் போகவில்லை. திருவாமாத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டான், சாமியிடம் கேட்க.

செண்பகத்தின் டியூட்டி முடிந்தது. அடுத்து வந்த நர்ஸ், வார்டின் மறுகோடியில் திரைக்குப் பின்னால் ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

செண்பகம் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மயங்கிக் கிடந்தவளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கை கதகதப்பாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவ்வளவு இல்லை. விரல்கள் ஜில்லிட்டு ஈரமாயின. மணிக்கட்டில் நாடி வேகமாக ஓட ஆரம்பித்தது. மெஷினில் பிரஷர் மட்டும் இன்னும் நன்றாகவே இருந்தது.

மெஷின் கத்தட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. டாக்டரை அழைத்தாள். ஸ்ட்ரெச்சர் மறுபடியும் தியேட்டருக்குள் ஓடியது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அடைத்தார்கள்.

இன்னும் சற்று விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, அப்போதுதான் திரும்பியிருந்த திருமுருகன் சட்டைப்பையிலிருந்து கோயில் திருநீற்றை எடுத்தான். மனைவியைக் கட்டிலுக்குக் கொண்டுவந்ததும் அவள் நெற்றியில் பூசினான்.

"சாமிதான் கூடவே குந்திக்கினு இருந்திருக்காரு சிஸ்டர்."

"ஆமாண்ணே," என்றாள் செண்பகம். அதில் பொய் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவளை அந்த வாசலிலிருந்து திருப்பியது யார்?

பிள்ளைகளுக்குப் போன் செய்ய அவன் வெளியே போனான்.

அன்றைக்கு டீச்சர் பதில் சொல்லட்டும் என்று அந்தச் சிறுமி காத்திருக்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் அவளே முதல் வரிசையிலிருந்து எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தாள்.

'வந்தா வரட்டும்' என்று சொல்லிவிட்டு, செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்துக்குப் பத்து வாங்கிய காந்திமதி.

செண்பகம் முகக்கவசத்தை இறக்கவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

காந்திமதி கண் விழித்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.