முதல் குடம்

ஞாயிற்றுக்கிழமை காலை. தாராவியின் அந்தச் சந்தில் நீல டிரம்முக்கு முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. வழக்கம்போல் முதல் குடம் அன்னத்தாயுடையது.

"மைனி, இன்னைக்கு ஒங்க குடம் கடைசியில நிக்கட்டும்" என்றார் சுயம்பு.

"நிக்காது."

அந்த டிரம்மை வைத்ததே சுயம்புதான். குழாயில் துருவும் சேறுமாக வருகிறதென்று, அதை வடிகட்ட அடியில் ஜல்லி, மேலே மணல் என்று நிரப்பி, வீட்டுக்குத் தினம் ஒரு குடம் என்று கணக்கு வைத்தவர். மணல் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஞாயிறுதோறும் அதை அலசிப் போடுவதும் அவரே.

மற்ற நாட்களில் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிற அன்னத்தாய், மணல் அலசிய அன்று மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவாள். பிடித்த தண்ணீரை முந்தானையால் மூடித்தான் கொண்டுபோவாள். கண் பட்டுவிடுமோ என்று சந்தே கேலி செய்தது.

இந்த வாரம் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். முதல் குடம் ஷர்மிளாவுக்கு. கைக்குழந்தைக்காரி, நியாயம்தானே.

ஷர்மிளா குடத்தை டிரம்மின் குழாயடியில் வைத்தாள். அன்னத்தாய் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

"பச்சப்புள்ளைக்காரி குடத்தைத் தள்ளுதியளே, மனசாட்சி இருக்கா?" என்றார் சுயம்பு.

"இல்ல. நான்தான் மொத. எவன் வந்து கேக்கான்னு பாக்கேன்."

இது என்ன தாதாகிரி என்றார்கள். அடுத்த வாரம் இவளை டிரம் பக்கமே விடக்கூடாது என்றார்கள். அன்னத்தாய் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷர்மிளாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று குழந்தையோடு பின்னாலேயே போனாள்.

கதவு திறந்து கிடந்தது. தரை துடைக்கிற வாளியில் அன்னத்தாய் அந்தக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பழுப்பாகக் கலங்கியிருந்தது.

கேட்க வந்தது மறந்துவிட்டது. "என்ன அத்தை இது?"

"கதவைச் சாத்திட்டு வாட்டி."

சாத்தினாள்.

"அலசுன மணலு ஒடனே அழுக்கைப் பிடிக்காது. கொஞ்சம் அழுக்கு உள்ள போயி மணலுக்கு எடையில உக்காரணும். அதுதான் பின்னால வாரதைப் பிடிச்சு நிறுத்தும். மொதக் குடம் இப்படித்தான் வரும்."

"எல்லாருக்கும் சொல்லியிருக்கலாம்லா?"

கோவண்டியில் குடியிருந்தபோது சொல்லித்தான் பார்த்தாளாம். அங்கேயும் இதேபோல் ஒரு டிரம். முதல் குடத்தைப் பார்த்து ஒருத்தி சத்தம் போட, இவள் சொல்வதைக் காதில் வாங்காமல் டிரம்மையே தூக்கிக் குப்பையில் வீசிவிட்டார்களாம். அந்த மழைக்காலத்தில் பாதிக் குடியிருப்பு ஆஸ்பத்திரியில் கிடந்ததாம்.

"என்னைத் திமிரு பிடிச்சவள்னு பேசிட்டுப் போவட்டும். டிரம் அங்கன நின்னாப் போதும்."

ஷர்மிளா காலிக் குடத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு நீங்க குடிக்க?"

"குழாய்த் தண்ணியைக் காய்ச்சிக்கிடுவேன். வாரத்துல ஒரு நாளுதான. உம்புள்ளைக்கு ரெண்டாங் குடம் பிடிச்சியாடி?"

"இனிமேதான் பிடிக்கணும்" என்று ஷர்மிளா குழந்தையோடு டிரம்முக்கு ஓடினாள்.

அடுத்த ஞாயிறு அன்னத்தாய் குடத்தோடு வந்தபோது, சுயம்புவும் இன்னும் இரண்டு பேரும் டிரம்மை மறித்து நின்றார்கள். கடைசியில் போய் நிற்பதென்றால் நில், இல்லையென்றால் தண்ணீரே கிடையாது என்றார்கள். அவள் அசையாமல் நின்றாள்.

அதற்குள் குழாயடியில் ஒரு குடம் வந்து உட்கார்ந்தது. ஷர்மிளாவுடையது. நிறைந்ததும் துப்பட்டாவால் அதன் வாயை மூடினாள்.

சுயம்புவுக்கு ஒரே சந்தோஷம். நியாயம் ஜெயித்துவிட்டது என்றார். அடுத்த வாரம் ஜெபசெல்வி வீட்டுக்கு முதல் குடம், அதற்கப்புறம் முறை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஷர்மிளா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"முறையெல்லாம் கெடையாது. இனிமே எல்லா ஞாயித்துக்கெழமையும் நான்தான் மொத. எவன் வந்து கேக்கான்னு பாக்கேன்."